நானோ விநாடிக் கணக்கு: நினைவக, செயலித் தாமதச் சோதனை முடிவுகளைப் படிப்பது எப்படி?

லாரி மெக்வாய், கார்ல் ஸ்டேலின் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகப்படுத்திய, கணினியின் வேகத்தை அளக்கும் எல்எம்பெஞ்ச் என்னும் சோதனைத் தொகுப்பை லினக்ஸ் கணினிகளில் இன்றைக்கும் ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடி முடிந்ததும் அது சில அட்டவணைகளை அச்சிடும். அவற்றில் நினைவகத் தாமதத்துக்கான அட்டவணையின் தலைப்பிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும்: இந்த எண்கள் சரியில்லாமல் போகலாம், வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளவும். தன் விடையைத் தானே சந்தேகிக்கச் சொல்லும் மென்பொருளைப் பார்ப்பது அரிது. அந்த எச்சரிக்கை எதற்காக என்று புரிந்துவிட்டால், எல்எம்பெஞ்ச் மட்டுமல்லாமல் எந்தத் தாமதச் சோதனையின் முடிவையும் ஏமாறாமல் படிக்கலாம். ஒரு கணினியின் நினைவகத் தாமதம் ஒற்றை எண்ணில் அடங்குவதில்லை. எவ்வளவு பெரிய பரப்பில், எந்த வரிசையில், எந்த நிலையில் இருந்த கணினியில் அளந்தோம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தாமதம் என்பது, செயலி ஒரு தரவைக் கேட்ட கணத்திலிருந்து அது கைக்கு வந்து சேரும்வரை ஆகும் நேரம். லேட்டன்சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு விநாடியில் மொத்தம் எவ்வளவு தரவு வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு. அதற்குப் பேண்ட்விட்த் என்று பெயர். மேட்டூர் அணையில் விநாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதும், திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர எத்தனை நாளாகிறது என்பதும் வேறுவேறு கேள்விகள் அல்லவா? இரண்டு மடங்கு தண்ணீர் திறந்தால் நாட்கள் பாதியாகிவிடுவதில்லை. விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கானவை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதலில் அலகைச் சரிசெய்துகொள்வோம். தாமதத்தைச் சிலர் நானோ விநாடியில் (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) சொல்வார்கள், சிலர் கிளாக் சுழற்சிகளில், அதாவது செயலியின் உள்கடிகாரத் துடிப்புகளில் சொல்வார்கள். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியில் ஒரு சுழற்சிக்கு 0.25 நானோ விநாடி ஆகும். ஆகவே 80 நானோ விநாடி என்பது அந்தச் செயலிக்கு 320 சுழற்சிகள். 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு அதே 80 நானோ விநாடி 160 சுழற்சிகள்தான். செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ்களை, அதாவது அடிக்கடி வேண்டிய தரவை அருகிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகங்களைச் சுழற்சியில் பேசுவது பொருத்தம், ஏனெனில் அவை பெரும்பாலும் செயலியின் வேகத்தோடு சேர்ந்தே கூடிக் குறைகின்றன. வெளியே இருக்கும் ரேமை நானோ விநாடியில் பேசுவதுதான் பொருத்தம், ஏனெனில் செயலியை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ரேம் சில்லுக்கு அது பொருட்டில்லை. இருவர் தங்கள் முடிவுகளை ஒப்பிட்டுச் சண்டை போடும்போது, பாதி நேரம் ஒருவர் சுழற்சியிலும் மற்றவர் நானோ விநாடியிலும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அளப்பது எப்படி?

ஒரு தரவை ஒரே ஒரு முறை எடுக்க ஆகும் நேரத்தை நேரடியாக, நம்பகமாக அளப்பது கடினம். கடிகாரத்தைப் பார்க்க ஆகும் நேரமே பல வேளைகளில் அதைவிட அதிகமாக இருக்கும். எனவே லட்சக்கணக்கான முறை எடுத்து, மொத்த நேரத்தை எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய செயலிகள் ஒரு தரவு வரும்வரை கைகட்டி நிற்பதில்லை. அடுத்தடுத்த கட்டளைகளை எட்டிப் பார்த்து, அவற்றுக்கு வேண்டிய தரவுகளையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுகின்றன. பத்துக் கோரிக்கைகள் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினால், வகுத்து வரும் விடை உண்மைத் தாமதத்தில் பத்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும்.

இதைத் தடுக்கப் பாயிண்டர் சங்கிலி என்ற உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். நினைவகத்தில் ஒரு பரப்பை ஒதுக்கி, அதன் ஒவ்வோர் இடத்திலும் அடுத்துப் போக வேண்டிய இடத்தின் முகவரியை எழுதி வைக்கிறார்கள். செயலி முதல் இடத்தைப் படித்தால்தான் இரண்டாவது இடம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டாவதைப் படித்தால்தான் மூன்றாவது தெரியும். எவ்வளவு கெட்டிக்காரச் செயலியாக இருந்தாலும் இங்கே முந்திக்கொண்டு போக வழியில்லை. இப்படிச் சங்கிலியில் நடந்து வந்த நேரத்தை நடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் தாமதம். பரப்பைச் சில கேபி அளவில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவுக்கும் கிடைத்த தாமதத்தை வரைந்தால் ஒரு படிக்கட்டு கிடைக்கும். எல்எம்பெஞ்சின் எச்சரிக்கை பார்க்கச் சொல்லும் வரைபடம் அதுதான்.

ஓர் உண்மையான செயலியை எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்ப்போம். 2020 நவம்பரில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ் செயலியில் ஒவ்வொரு கோருக்கும் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) 32 கேபி எல்1 தரவுக் கேஷும், அதற்கு அடுத்த நிலையில் 512 கேபி எல்2 கேஷும் உண்டு. எட்டுக் கோர்களுக்கும் பொதுவாக 32 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது அது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். பரப்பு 32 கேபிக்குள் இருக்கும்வரை ஒரு நடைக்கு 4 சுழற்சிகள், அதாவது சுமார் 0.85 நானோ விநாடி ஆகும். கோடு தரையோடு தரையாக நேராகப் போகும். 32 கேபியைத் தாண்டியதும் முதல் படி. எல்2வின் 12 சுழற்சிகள், சுமார் 2.6 நானோ விநாடி. 512 கேபியைத் தாண்டினால் அடுத்த படி. எல்3இன் 46 சுழற்சிகள், சுமார் 10 நானோ விநாடி. 32 எம்பியையும் தாண்டிவிட்டால் கோடு செங்குத்தாக ஏறி, ரேமின் தரத்தைப் பொறுத்து 70 நானோ விநாடிக்கு அருகில் போய் நிற்கும். ரேமில் ஒரு தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதே கோர் எல்1இலிருந்து எண்பது தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடித்திருக்கும்.

படிகள் கூர்மையாக இல்லாமல் சரிவாக இருப்பதைப் பார்த்துப் பலர் சோதனை கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். சரிவுக்குக் காரணங்கள் உண்டு. 40 எம்பி பரப்பில் நடக்கும்போது ஒரு பகுதி இன்னமும் எல்3இல் கிடைக்கும், மீதிக்கு ரேமுக்குப் போக வேண்டியிருக்கும்; இரண்டின் சராசரிதான் கோட்டில் தெரிகிறது. ஆனால் 32 எம்பி எல்3 இருக்கும் செயலியில் 8 எம்பியைத் தாண்டியதுமே கோடு மெல்ல ஏறத் தொடங்குவதற்கு இந்தக் காரணம் போதாது. அங்கே இன்னொருவர் மறைந்திருக்கிறார்.

நிரல் பயன்படுத்தும் முகவரி மெய்நிகர் முகவரி. அதை ரேமின் உண்மை முகவரியாக மாற்றியாக வேண்டும். நினைவகம் வழக்கமாக 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை அண்மையில் பார்த்த அளவுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு பட்டியலுக்கு டிஎல்பி என்று பெயர். மேற்சொன்ன செயலியில் முதல் நிலைத் தரவு டிஎல்பியில் 64 இடங்களும், இரண்டாம் நிலையில் 2048 இடங்களும் உள்ளன. 64 பக்கங்கள் என்றால் 256 கேபி; 2048 பக்கங்கள் என்றால் 8 எம்பி. ஆகவே பரப்பு முழுவதும் தாறுமாறாகத் தாவும் சங்கிலியில், 256 கேபியைத் தாண்டியதும் சில சுழற்சிகள் கூடும். 8 எம்பியைத் தாண்டியதும், தரவு எல்3இலேயே இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று பக்க அட்டவணையில் தேடும் செலவு சேர்ந்துகொள்ளும். இது தரவின் தாமதமா, முகவரியின் தாமதமா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. 4 கேபிக்குப் பதிலாக 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களை ஒதுக்கி அதே சோதனையை மறுபடியும் ஓட்ட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் முகவரி தேடிய செலவு. பெரிய தரவுத்தளங்களை நடத்துபவர்கள் பெரிய பக்கங்களைக் கேட்டு அடம்பிடிப்பது இதனால்தான்.

எல்2 கேஷ் இல்லையோ?

நினைவகம் ஒவ்வொரு பைட்டாக நகர்வதில்லை. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் 64 பைட் கொண்ட கேஷ் வரிகளாகவே நகர்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரத்தை ஸ்டிரைடு என்பார்கள். ஸ்டிரைடு 16 பைட் என்றால், ஒரு வரியைக் கொண்டுவந்த பிறகு அடுத்த மூன்று நடைகள் அதே வரிக்குள் இலவசமாக நடக்கும். தாமதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகத் தெரியும். எனவே ஸ்டிரைடு குறைந்தது ஒரு வரி அளவாவது இருக்க வேண்டும். அதோடு பிரச்சினை தீர்ந்தபாடில்லை. 128, 256, 384 என்று சீரான இடைவெளியில் நடந்தால், செயலியில் உள்ள ப்ரீஃபெட்சர் அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்து, நாம் கேட்பதற்கு முன்பே அடுத்த வரிகளைக் கொண்டுவந்து வைத்துவிடும். சங்கிலியின் உத்தி செயலியின் கட்டளை ஓட்டத்தைத்தான் கட்டிப்போட்டது, இதைக் கட்டிப்போடவில்லை.

அப்போது ரேமின் தாமதம் 70க்குப் பதிலாக 5 அல்லது 10 நானோ விநாடி என்று தெரியும். எல்எம்பெஞ்சின் அட்டவணையில் கடைசியாக ஊகம் என்று ஒரு பத்தி (நெடுவரிசை) உண்டு. ரேமின் எண்ணும் எல்2வின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், "எல்2 கேஷ் இல்லையோ?" என்று அது அப்பாவியாகக் கேட்கும். எல்2 நன்றாகவே இருக்கிறது. ப்ரீஃபெட்சர் படிக்கட்டைத் தரைமட்டமாக்கிவிட்டது என்பதுதான் அதன் பொருள். தவிர, அந்த அட்டவணையில் எல்1, எல்2, ரேம் என்று மூன்று நிலைகளுக்கே இடமிருக்கிறது. எல்3க்குத் தனிப் பத்தி கிடையாது. இன்றைய செயலியை அந்தச் சட்டைக்குள் திணித்தால் எங்காவது கிழியத்தானே செய்யும்? ஆகவே சுருக்க அட்டவணையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பரப்பளவுக்கும் உள்ள மூல எண்களைப் பாருங்கள். சீரான ஸ்டிரைடில் வந்த எண்ணையும், தாறுமாறான வரிசையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவது பொய், இரண்டாவது மெய் என்று சொல்ல வரவில்லை. ஓர் அணியை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கும் நிரலுக்கு முதல் எண்தான் அனுபவம். மர அமைப்பிலும் ஹாஷ் அட்டவணையிலும் தேடும் நிரலுக்கு இரண்டாவது எண்தான் அனுபவம். விண்டோஸில் பலரும் ஓட்டும் ஐடா64 போன்ற கருவிகள் ரேமுக்கு ஒரே ஓர் எண்ணைத் தரும்போது, அது இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்காமல் மற்றொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ரேம் வாங்கும்போது, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற தலைமுறைப் பெயரோடு சிஎல் (காஸ் லேட்டன்சி) என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது நானோ விநாடி அல்ல, ரேமின் சொந்தச் சுழற்சிக் கணக்கு. டிடிஆர்4-3200 சிஎல்16 என்றால், அந்த ரேமின் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். 16 சுழற்சிகளுக்கு 10 நானோ விநாடி. டிடிஆர்5-6000 சிஎல்30 என்பதும் அதே 10 நானோ விநாடிதான். டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.7 ஆகிறது, புதிய தலைமுறை என்ற பெயரோடு வந்தாலும் இந்தக் கணக்கில் அது பின்தங்கியிருக்கிறது. பழைய டிடிஆர்-400 சிஎல்3 ரேமுக்கு 15 நானோ விநாடி. டிடிஆர்-400இலிருந்து டிடிஆர்5-6000க்கு வருவதற்குள் ஒரு மாட்யூலின் பேண்ட்விட்த் விநாடிக்கு 3.2 ஜிபியிலிருந்து 48 ஜிபியாக, பதினைந்து மடங்காகப் பெருகிவிட்டது. தாமதம் 15இலிருந்து 10க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிஎல் 10 நானோ விநாடி என்றால், சோதனையில் 70 ஏன் வருகிறது? ரேம் சில்லில் தரவு வரிசை வரிசையாக (ரோ) அடுக்கப்பட்டிருக்கும்; ஒரு வரிசையைத் திறந்தால்தான் அதிலிருந்து படிக்க முடியும். சிஎல் என்பது தேவையான வரிசை ஏற்கெனவே திறந்திருக்கும்போது ஆகும் நேரம் மட்டுமே. வரிசை மூடியிருந்தால் திறக்க வேண்டும். வேறொரு வரிசை திறந்திருந்தால் அதை மூடிவிட்டுத் திறக்க வேண்டும். 16-18-18 என்று குறிக்கப்பட்ட டிடிஆர்4-3200 ரேமில் மூன்றையும் சேர்த்தால் 52 சுழற்சிகள், 32.5 நானோ விநாடி. எஞ்சிய நேரம் மூன்று கேஷ்களிலும் தேடி ஏமாந்து, செயலியின் உள்வழிகளில் பயணித்து, ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரைக் கடந்து திரும்பியதற்கு ஆனது. அதனால்தான் சிஎல்லை இரண்டு குறைத்த விலை உயர்ந்த ரேமைப் போட்டவர், சோதனையில் ஒன்றிரண்டு நானோ விநாடி மட்டுமே குறைவதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்.

தாமதத்தையும் பேண்ட்விட்த்தையும் இணைக்கும் ஒரு சிறு கணக்கு இங்கே உதவும். 70 நானோ விநாடிக்கு ஒரு முறை 64 பைட் வந்தால், விநாடிக்கு 0.91 ஜிபி. இரண்டு சேனல் டிடிஆர்4-3200 ரேமால் தரக்கூடியது 51.2 ஜிபி. ஆக, பாயிண்டர் சங்கிலியில் நடக்கும் நிரல் அந்த ரேமின் திறனில் இரண்டு சதவீதத்தைக்கூடப் பயன்படுத்துவதில்லை. முழுத் திறனையும் எட்ட வேண்டுமானால் எந்நேரமும் 56 வரிகள் வழியில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நிரல் மெதுவாக இருக்கிறது, ஆனால் கண்காணிப்புக் கருவியில் நினைவகப் பேண்ட்விட்த் சும்மா கிடக்கிறது என்றால், அது தாமதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கணினி எந்த நிலையில் இருந்தது?

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் வேறு வேலை எதுவும் இல்லாத கணினியில் கிடைப்பவை. மற்ற கோர்களும் ரேமைக் கேட்கத் தொடங்கினால் கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். பேண்ட்விட்த் உச்சவரம்பை நெருங்க நெருங்கத் தாமதம் இரு மடங்கு, அதற்கு மேலும் ஏறும். இன்டெல் வெளியிடும் மெமரி லேட்டன்சி செக்கர் என்ற கருவி, மற்ற கோர்களின் சுமையைக் கூட்டிக்கூட்டி ஒவ்வொரு சுமைக்கும் தாமதத்தை அளந்து காட்டும். சர்வர் வாங்கப் போகிறவர்கள் சும்மா இருக்கும்போது வரும் எண்ணைவிட இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு செயலிகள் பொருத்திய சர்வரில் அதே கருவி ஒரு கட்டம் போட்ட அட்டவணையையும் தரும்: தன் பக்கத்து ரேமை எடுக்க ஒரு நேரம், அடுத்த செயலியின் பக்கத்து ரேமை எடுக்க அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம். சோதனையை எந்தக் கோரில், எந்தப் பக்கத்து ரேமில் ஓட்டுவது என்று கட்டிவைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும்.

செயலி எந்த வேகத்தில் ஓடியது என்பதும் முக்கியம். மின்சிக்கன அமைப்பில் இருக்கும் மடிக்கணினி, சோதனை தொடங்கியபோது பாதி வேகத்தில் இருந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எல்எம்பெஞ்சின் முடிவிலேயே ஒரு தடயம் கிடைக்கும். ஒரு முழு எண்ணைக் கூட்ட ஆகும் நேரத்தையும் அது அச்சிடுகிறது. இன்றைய செயலிகளில் ஒன்றையொன்று சார்ந்த கூட்டல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சி ஆகும். கூட்டல் 0.25 என்றால் 4 கிகாஹெர்ட்ஸ், 0.5 என்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், செயலி அன்று 2 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடியிருக்கிறது. அந்த ஓட்டத்தில் வந்த கேஷ் எண்களையும் அப்படியே படிக்க வேண்டும். 0.01 என்று வந்தால் மகிழ வேண்டாம். நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்தக் கூட்டலையே தேவையற்றதென்று தூக்கி எறிந்துவிட்டது.

செயலித் தாமதங்களில் அடுத்து வருவது சிஸ்டம் கால். நிரல் ஒன்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைக் கூப்பிட்டு ஒன்றுமே செய்யாமல் திரும்பி வர ஆகும் நேரம் இது. மைக்ரோ விநாடியில் சிறு பின்னமாக வரும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது, லினக்ஸ் கர்னலின் பக்க அட்டவணையைப் பயனர் நிரல்களிடமிருந்து தனியே பிரித்து வைத்தார்கள். பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகளில் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் அட்டவணையை மாற்றிப் போட வேண்டியதாயிற்று. இந்த எண் தெளிவாகத் தெரியும்படி ஏறியது. மெல்ட்டவுனால் பாதிக்கப்படாத ஏஎம்டி செயலிகளுக்கு அந்த மாற்றம் தேவைப்படவில்லை. எனவே ஒரே செயலியில் 2017இல் எடுத்த முடிவும் 2019இல் எடுத்த முடிவும் மாறியிருந்தால் வன்பொருளைக் குறை சொல்வதற்கு முன் கர்னல் பதிப்பைப் பாருங்கள்.

கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், அதாவது ஒரு பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் நேரம், இந்த அட்டவணைகளிலேயே அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது. எல்எம்பெஞ்ச் சில பிராசஸ்களை வட்டமாக நிறுத்தி, பைப் (பிராசஸ்களுக்கு இடையே தரவை அனுப்பும் குழாய்) வழியாக ஒரு டோக்கனை, அதாவது 'இனி உன் முறை' என்று சொல்லும் சிறு அடையாளத்தைக் கைமாற்ற வைக்கிறது. டோக்கன் வந்ததும் ஒவ்வொன்றும் தனக்குக் குறிக்கப்பட்ட அளவு தரவைப் படித்துவிட்டு அடுத்ததிடம் தள்ளுகிறது. இரண்டு பிராசஸ், 0 கேபி என்ற பத்தியில் உள்ள எண்தான் கிட்டத்தட்டத் தூய மாற்றச் செலவு. பதினாறு பிராசஸ், 64 கேபி என்ற பத்தியில் மொத்தம் 1 எம்பி தரவு வட்டத்தில் சுற்றுகிறது. 512 கேபி எல்2 உள்ள கோரில் அது அடங்காது. ஒவ்வொரு பிராசஸும் திரும்ப வரும்போது தன் தரவை எல்3இலிருந்து மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்தியில் எண் பல மடங்காகத் தெரிந்தால், அதன் பெரும்பகுதி கர்னலின் குற்றமல்ல. முன்பு பார்த்த படிக்கட்டின் இரண்டாவது படிதான் வேறு பெயரில் வந்திருக்கிறது. வட்டத்தில் உள்ள பிராசஸ்கள் வேறுவேறு கோர்களில் ஓடியிருந்தாலோ, அளக்கப்பட்டது மாற்றச் செலவே அல்ல, தூங்கும் கோரை எழுப்பும் நேரம். டாஸ்க்செட் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே கோரில் கட்டிப்போட்டு மீண்டும் ஓட்டிய பிறகே அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.